இரண்டு சொல்லை 13 என்று எண்ணிய நிரல்: ஜிடிபி டீபக்கரில் பிரேக்பாயின்ட் வைத்துத் தேடிய பதிவு

ஒரு கோப்பு. அதில் ஒரே வரி: "மாமா வந்தார்". இதில் எத்தனை சொல் என்று கேட்டால் அந்த நிரல் 13 என்கிறது. அதே இடத்தில் இரண்டு ஆங்கிலச் சொற்களை எழுதிக் கொடுத்தால் 2 என்று சரியாகச் சொல்கிறது.

நிரல் நண்பர் ஒருவருடையது. மொழிபெயர்ப்புகளைத் தொகுக்கிறவர். சொல்லுக்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பதால் சொல் எண்ணிக்கை அவருக்கு முக்கியம். எங்கிருந்தோ கைமாறி வந்த சின்ன சி நிரல் ஒன்றை வைத்திருந்தார். கோப்பைக் கொடுத்தால் மொத்தச் சொற்கள், எத்தனை எழுத்து நீளத்தில் எத்தனை சொற்கள், எந்த பைட் எத்தனை முறை வருகிறது என்று மூன்று பட்டியல் தரும். ஆங்கில மூலங்களை எண்ணியவரை ஒரு சிக்கலும் இல்லை. தமிழ்க் கட்டுரை ஒன்றைக் கொடுத்ததும், ஆயிரத்துச் சொச்சம் சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேல் காட்டியிருக்கிறது. "இதன்படி பணம் கொடுத்தால் நான் வீட்டை விற்க வேண்டியதுதான்" என்று அனுப்பியிருந்தார்.

கூடவே இன்னொரு தகவலும் சொன்னார். அவர் வீட்டில் ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்று இருக்கிறது. அதில் அதே நிரலைக் கம்பைல் செய்து ஓட்டினால் சரியான எண்ணிக்கை வருகிறதாம். மடிக்கணினியில் மட்டும்தான் தப்பு. இந்தத் தகவலின் மதிப்பு எனக்கு அப்போது முழுதாகத் தெரியவில்லை. 'பை' சிறுசு, மெமரி கம்மி, அதனால் ஏதோ வித்தியாசம் என்று ஓரமாக வைத்துவிட்டு மடிக்கணினியில் வேலையைத் தொடங்கினேன்.

கம்பைல் செய்யும் முறையை எழுதி வைத்திருக்கும் மேக்ஃபைலைத் திறந்தால், ஜிசிசி என்ற சி கம்பைலருக்கு இரண்டே தேர்வுகள்: -ஓ2, -எஸ். முதலாவது வேகத்துக்கு, இரண்டாவது கோப்பின் அளவைக் குறைக்க. ஜிடிபி என்பது ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டீபக்கர். எந்த வரியில் நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் குறிதான் பிரேக்பாயின்ட். இந்த நிலையில் ஜிடிபிக்குள் போய் ஃபங்ஷன் பெயரைச் சொல்லி பிரேக்பாயின்ட் வைத்தால், சிம்பல் டேபிள் (பெயர்களின் பட்டியல்) எதுவும் ஏற்றப்படவில்லை என்று சொல்லிவிட்டு, "பின்னால் ஏதாவது ஷேர்டு லைப்ரரி வந்தால் வைக்கட்டுமா?" என்று கேட்கும். பலர் பழக்கதோஷத்தில் ஒய் அடித்துவிடுவார்கள். அந்த பிரேக்பாயின்ட் கடைசிவரை தொங்கிக்கொண்டே இருக்கும், நிரல் எங்கும் நிற்காமல் ஓடி முடியும். சொந்தமாக எழுதிய ஃபங்ஷனுக்கு இந்தக் கேள்வி வந்தால் அர்த்தம் ஒன்றுதான்: பெயர்த் தகவல் இல்லாமல் கம்பைல் ஆகியிருக்கிறது. விஎஸ் கோடில் சிவப்புப் புள்ளி வைக்கிறவர்களுக்கும் இதே நிலைமைதான். டீபக் தொடங்கியதும் புள்ளி சாம்பல் நிற வளையமாக மாறினால் அது எங்கும் ஒட்டவில்லை என்று பொருள்.

எனவே -எஸ்-ஐ எடுத்துவிட்டு, -ஜி -ஓ0 என்று மாற்றிக் கம்பைல் செய்தேன். -ஓ2-வில் தேடவே முடியாது என்று இல்லை. ஆனால் வரிகள் முன்னும் பின்னும் குதிக்கும், மாறியின் மதிப்பைக் கேட்டால் பாதி நேரம் "ஆப்டிமைஸ்டு அவுட்" என்று வரும். -ஓ0-க்கு மாற்றியதும் முதலில் செய்ய வேண்டியது, பிழை இன்னும் இருக்கிறதா என்று ஓட்டிப் பார்ப்பது. சில பிழைகள் ஆப்டிமைசேஷனை எடுத்தவுடன் மறைந்துவிடும். இது மறையவில்லை. அதே 13.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். திரையில் தட்டும்போது ஆங்கில எழுத்துகள்தான்.

நிரலின் அமைப்பு எளிது. மெயின் ஃபங்ஷன் ஒரு ஸ்ட்ரக்ட்டுக்கு (பல மாறிகளை அடுத்தடுத்து வைக்கும் தொகுப்பு) காலாக் மூலம் மெமரியில் இடம் வாங்குகிறது. அதன் முகவரியை வைத்திருக்கும் பாயின்டர் எஸ். ஸ்ட்ரக்ட்டுக்குள் வரிசையாக நான்கு உறுப்புகள்: கோப்பின் பெயருக்குப் பாத் (512 கேரக்டர்), மொத்தச் சொற்களுக்கு டோட்டல் (ஒரு இன்ட், அதாவது 4 பைட் முழு எண்), நீளவாரியான கணக்குக்கு லென்த் (31 இன்ட்), பைட் வாரியான கணக்குக்கு ஃப்ரீக் (256 இன்ட்). கோப்பிலிருந்து ஒவ்வொரு வரியையும் படித்து கவுண்ட்லைன் என்ற ஃபங்ஷனிடம் கொடுக்கிறது. கவுண்ட்லைன் ஒவ்வொரு பைட்டாக எடுத்து, 33ஆம் வரியில் ஃப்ரீக் பட்டியலில் அந்த பைட்டுக்கான இடத்தில் ஒன்று கூட்டுகிறது. இடைவெளியோ வரி முடிவோ வந்தால் 41ஆம் வரியில் டோட்டலில் ஒன்று கூட்டுகிறது. டோட்டல் என்ற பெயரை நிரல் முழுக்கத் தேடினேன். அதை மாற்றுகிற இடம் அந்த 41ஆம் வரி ஒன்றுதான்.

அப்படியானால் முதல் சந்தேகம், இடைவெளியைக் கண்டுபிடிக்கும் பகுதி தமிழ் பைட்டுகளைப் பார்த்துக் குழம்பி, சொல்லின் நடுவிலேயே இடைவெளி என்று எடுத்துக்கொள்கிறதோ என்பது. இதைச் சோதிக்க 41-இல் பிரேக்பாயின்ட் வைத்து, நிற்கும்போதெல்லாம் மாறிகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். பெரும்பாலோர் செய்வது அதுதான். எனக்கு அதைவிட மலிவான வழி ஒன்று பிடிக்கும். பிரேக்பாயின்ட்டை வைத்துவிட்டு, அதில் நிற்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுவது:

பிரேக் கவுண்ட்.சி:41
இக்னோர் 1 1000
ரன் மாமா.டிஎக்ஸ்டி
இன்ஃபோ பிரேக்பாயின்ட்ஸ்

இரண்டாவது கட்டளை, ஒன்றாம் எண் பிரேக்பாயின்ட்டை ஆயிரம் முறை கண்டுகொள்ளாதே என்கிறது. நிரல் எங்கும் நிற்காமல் ஓடி முடிகிறது. ஆனால் அந்த வரியை எத்தனை முறை கடந்தது என்ற கணக்கை ஜிடிபி வைத்திருக்கும், நிற்காமல் விட்டவற்றையும் சேர்த்து. கடைசிக் கட்டளை கொடுத்தால் அந்தக் கணக்கைக் காட்டும்.

காட்டியது: 2 முறை.

இங்கேதான் தேடல் திசை மாறியது. டோட்டலைக் கூட்டுகிற ஒரே வரி இரண்டு முறைதான் ஓடியிருக்கிறது. ஆனால் டோட்டலில் இருப்பது 13. அப்படியானால் சொல்லைப் பிரிக்கும் பகுதி மீது குற்றமில்லை. மீதி 11 வேறு எங்கிருந்தோ வருகிறது. டோட்டல் என்று பெயர் சொல்லாமலே அந்த இடத்தில் யாரோ எழுதுகிறார்கள். 41ஆம் வரியைச் சுற்றி எத்தனை பிரேக்பாயின்ட் வைத்தாலும் அந்த ஆள் சிக்கப்போவதில்லை. எந்த வரி என்று தெரிந்தால்தான் பிரேக் கட்டளைக்கு வேலை. எந்த வரி என்று தெரியாமல், எந்த இடம் மாறுகிறது என்று மட்டும் தெரிந்தால் வாட்ச்பாயின்ட் வேண்டும்.

இரண்டும் வெளியில் பார்க்க ஒரே குடும்பம்தான், உள்ளே வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. சாதாரண பிரேக்பாயின்ட் என்பது நிரலின் கட்டளையைத் திருத்துவது. எக்ஸ்86 வகை பிராசசர் உள்ள கணினியில் (மடிக்கணினி இந்த வகைதான்), நீங்கள் சொன்ன வரியின் முதல் கட்டளையின் முதல் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் 204 என்ற மதிப்பை ஜிடிபி எழுதிவிடும். ஹெக்ஸில் சிசி. அது 'இன்ட் 3' என்ற ஒரு பைட் கட்டளை. பிராசசர் அதைத் தொட்டதும் நிரல் நின்று, சிக்ட்ராப் என்ற சிக்னல் வழியாகக் கட்டுப்பாடு டீபக்கருக்கு வரும். தொடரச் சொன்னால் பழைய பைட்டைத் திரும்ப வைத்து, அந்த ஒரு கட்டளையை மட்டும் ஓடவிட்டு, மறுபடி 204-ஐ எழுதிவிட்டுப் போகும். ஒரு பைட்டிலேயே முடித்ததற்குக் காரணம் இருக்கிறது. எக்ஸ்86-இல் ஒரு பைட் நீளமுள்ள கட்டளைகளும் உண்டு. அதைவிட நீளமாக இருந்தால் பக்கத்துக் கட்டளையையும் சேர்த்து அழித்துவிடும். இதனால் சாதாரண பிரேக்பாயின்ட்டுகளை நூற்றுக்கணக்கில் வைத்தாலும் கவலையில்லை.

வாட்ச்பாயின்ட் அப்படியில்லை. அது பிராசசருக்குள்ளேயே இருக்கும் டீபக் ரெஜிஸ்டர்களை நம்பியிருக்கிறது. 1985-இல் வந்த 80386 காலத்திலிருந்து அவற்றில் முகவரி வைக்க இருப்பவை நான்குதான்: டிஆர்0 முதல் டிஆர்3 வரை. 64 பிட் கணினியில் ஒவ்வொன்றும் அதிகபட்சம் 8 பைட்டைக் கண்காணிக்கும். டோட்டல் 4 பைட்தான், ஒரே ரெஜிஸ்டரில் அடங்கிவிடும்.

ஸ்டார்ட் என்று கொடுத்து மெயினின் தொடக்கத்தில் நிறுத்தி, காலாக் வரியைத் தாண்டும்வரை நெக்ஸ்ட் கொடுத்தேன். எஸ் பாயின்டரில் முகவரி வந்த பிறகு:

வாட்ச் -எல் எஸ்->டோட்டல்

அந்த -எல் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் விட்டுவிட்டால் தலைவலி. அது இல்லாமல் கொடுத்தால், மெயினுக்குள் இருக்கும் எஸ் என்ற மாறியின் வழியாக டோட்டலைப் பார் என்று ஜிடிபி புரிந்துகொள்ளும். மெயினை விட்டு வெளியேறினால் எஸ் என்ற பெயருக்கே பொருளில்லை, அதனால் வாட்ச்பாயின்ட்டைத் தானாகவே நீக்கிவிடும். ஒரு ஃபங்ஷனுக்குள் நின்று வாட்ச் வைத்துவிட்டு, அது முடிந்ததும் வாட்ச் காணாமல் போனது ஏன் என்று குழம்புவது பெரும்பாலும் இதனால்தான். -எல் கொடுத்தால், இந்தக் கணத்தில் அந்தப் பெயர் எந்த முகவரியோ அதைப் பிடித்துக்கொள், பெயரை மறந்துவிடு என்று பொருள்.

பதிலாக "ஹார்டுவேர் வாட்ச்பாயின்ட்" என்று வந்தது. அந்த முதல் சொல்லைக் கவனிக்க வேண்டும். வெறும் "வாட்ச்பாயின்ட்" என்று வந்தால் ரெஜிஸ்டரில் இடம் போதவில்லை, ஒவ்வொரு கட்டளைக்கும் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறது என்று அர்த்தம். அது பல நூறு மடங்கு மெதுவாகும். நிரல் தொங்கிவிட்டதோ என்று கன்ட்ரோல்-சி அடித்துவிடுவோம்.

கன்டினியூ கொடுத்தேன். உடனே நின்றது. பழைய மதிப்பு 0, புதிய மதிப்பு 1. நின்ற இடம் கவுண்ட்லைனுக்குள், 34ஆம் வரி.

34ஆம் வரிக்கும் டோட்டலுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அது சொல்லின் நீளத்தை எண்ணுகிற வரி. ஆனால் எக்ஸ்86-இல் டேட்டா வாட்ச் எப்போதும் எழுதி முடித்த பிறகுதான் நிறுத்தும். திரையில் காட்டுவது அடுத்து ஓடப்போகும் வரி. எழுதியது அதற்கு முந்தையது. அதாவது 33, ஃப்ரீக்கில் ஒன்று கூட்டுகிற வரி. இந்த ஒரு வரி இடைவெளி தெரியாவிட்டால் 34-ஐ முறைத்துப் பார்த்துக்கொண்டே மாலையைக் கழிக்கலாம்.

ஃப்ரீக்கில் எழுதினால் டோட்டல் ஏன் மாறுகிறது? அங்கேயே நின்றபடி கேட்டேன்:

பிரிண்ட் சி

-32 '\340' என்று வந்தது.

இதற்கு மேல் பெரிதாகத் தேட ஒன்றுமில்லை. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் (துணைக்கால், புள்ளி எல்லாம் தனிக் குறியீடுகள்). முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது 128 முதல் 191 வரை ஏதாவது ஒன்று. சி மொழியில் வெறும் கேரக்டர் என்று அறிவித்தால் அது குறியுள்ளதா (எதிர்மறை எண்ணும் வரும்), குறியற்றதா (வராது) என்பதைக் கம்பைலரும் கணினியும் முடிவு செய்துகொள்ளலாம். எக்ஸ்86 லினக்ஸில் குறியுள்ளது. அங்கே ஒரு பைட்டில் 127-க்கு மேல் எதுவும் நேர் எண்ணாக இருக்க முடியாது. 224-இலிருந்து 256 போக, மிச்சம் -32. ஃப்ரீக் பட்டியலில் -32ஆம் இடம் என்பது ஃப்ரீக்குக்கு 32 இன்ட் முன்னால், அதாவது 128 பைட் முன்னால்.

அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க ஜிடிபியில் அருமையான கட்டளை ஒன்று உண்டு. பிடைப் என்பதோடு /ஓ சேர்த்து ஸ்ட்ரக்ட்டின் பெயரைக் கொடுத்தால், ஒவ்வொரு உறுப்பும் எந்த பைட்டில் தொடங்குகிறது, எத்தனை பைட் என்று அட்டவணையாகக் காட்டும். ஜிடிபி 8.1-இல் வந்தது. அதன்படி பாத் 0-இல் தொடங்கி 512 பைட். டோட்டல் 512-இல், 4 பைட். லென்த் 516-இல், 124 பைட். ஃப்ரீக் 640-இல் தொடங்குகிறது. 640-இலிருந்து 128 போனால் 512. சரியாக டோட்டலின் முதல் பைட். ஃப்ரீக்கின் -32ஆம் இடத்தின் முகவரியையும் டோட்டலின் முகவரியையும் தனித்தனியே அச்சிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றே.

லென்த் பட்டியலில் 31-க்குப் பதில் 32 இடம் ஒதுக்கியிருந்தால் டோட்டல் தப்பித்திருக்கும். தமிழின் முதல் பைட்டெல்லாம் பூஜ்ய நீளச் சொற்களின் கணக்கில் போய் விழுந்திருக்கும். அதை யார் பார்க்கப் போகிறார்கள்! யாரோ நீளத்தை 0 முதல் 30 வரை என்று வைத்ததால்தான் பிழை வெளியில் தெரிந்தது.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் 11-க்கு முழுக் கணக்கு கிடைக்கும்வரை எனக்கு நிம்மதி வராது. வாட்ச்பாயின்ட்டோடு கட்டளைகளைக் கட்டிவிட்டேன், நிற்கும்போதெல்லாம் தானே எழுதிவிட்டுத் தானே தொடரட்டும் என்று:

கமாண்ட்ஸ் 3
சைலன்ட்
பிரிண்ட்எஃப் "%டி\என்", எஸ்->டோட்டல்
ஃப்ரேம்
கன்டினியூ
எண்ட்

வாட்ச்பாயின்ட்டின் எண் 3 என்பதால் அந்த 3 (1 என்பது 41ஆம் வரி பிரேக்பாயின்ட், 2 என்பது ஸ்டார்ட் தற்காலிகமாக வைத்தது). சைலன்ட் என்பது வழக்கமான அறிவிப்புகளை அடக்கிவிடும். மறுபடி ஓடவிட்டால் பட்டியல் வந்தது. 1, 2, 3, 4 நான்கும் 34-இல் நின்றவை. 5 மட்டும் 42-இல், அதாவது 41 எழுதியது. பிறகு 6 முதல் 12 வரை மீண்டும் 34. கடைசி 13 மறுபடி 42. "மாமா" யூனிகோடில் நான்கு குறியீடுகள்: ம, துணைக்கால், ம, துணைக்கால். பிறகு இடைவெளி. "வந்தார்" ஏழு: வ, ந, புள்ளி, த, துணைக்கால், ர, புள்ளி. பிறகு வரி முடிவு. 4, 1, 7, 1. மொத்தம் 13. கணக்கு நேர்.

கையோடு ஃப்ரீக்கின் -82ஆம் இடத்தையும் -81ஆம் இடத்தையும் அச்சிட்டேன். ஜிடிபி எதிர்மறை எண்ணுக்கெல்லாம் முகம் சுளிக்காது. முதலாவதில் 11, இரண்டாவதில் 2. -81 என்பது பைட் 175. புள்ளி இரண்டு முறை வருவதால் 2. -82 என்பது பைட் 174. மீதி ஒன்பது குறியீடுகளுக்கும் இரண்டாவது பைட் அதுதான், ஆக 9. இன்னும் இரண்டு எங்கிருந்து? 'ம' என்ற எழுத்துக்கு இரண்டாவது பைட்டும் 174, மூன்றாவது பைட்டும் 174. "மாமா"வில் இரண்டு ம. அதுவும் சரி.

சி என்ற மாறி எதிர்மறையாகும்போதெல்லாம் மட்டும் நிற்கச் சொல்லி 33-இல் நிபந்தனையோடு பிரேக்பாயின்ட் வைத்தும் பார்த்தேன்: பிரேக் கவுண்ட்.சி:33 இஃப் சி < 0. இந்தச் சின்னக் கோப்பில் அதன் கணக்கு 33 என்று வந்தது. 11 குறியீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், எல்லாமே எதிர்மறை. நிபந்தனை பிரேக்பாயின்ட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நிபந்தனை பொய்யானாலும் ஒவ்வொரு முறையும் நிரல் நிற்கத்தான் செய்கிறது. நின்று, ஜிடிபி கணக்குப் போட்டு, பொய் என்று தெரிந்து தொடரவிடுகிறது. நமக்குத் தெரியாமல் நடப்பதால் இலவசம் என்று தோன்றும். நண்பரின் முழுக் கட்டுரைக்கும் இதையே போட்டால் நிரல் ஆமை வேகத்துக்கு வந்துவிடும். பெரிய தரவில் தேட வேண்டியிருந்தால் நிபந்தனையை நிரலுக்குள்ளேயே ஒரு இஃப் வரியாக எழுதி, அதற்குள் சாதாரண பிரேக்பாயின்ட் வைத்துவிடுவது வேகமானது. அழகில்லைதான், ஆனால் வேலை முடியும்.

இப்போது ராஸ்ப்பெரி பை விஷயம். ஆர்ம் பிராசசருக்கான லினக்ஸில் வெறும் கேரக்டர் என்றால் குறியற்றது. அங்கே 224 என்பது 224-ஆகவே இருக்கும், ஃப்ரீக்கின் 224ஆம் இடத்தில் ஒழுங்காகப் போய் விழும். மெமரிக்கும் கணினியின் அளவுக்கும் இதில் பங்கே இல்லை. ஊர்ஜிதம் செய்ய ஜிசிசியில் வசதி இருக்கிறது. மடிக்கணினியில் -எஃப்அன்சைன்டு-சார் சேர்த்துக் கம்பைல் செய்தேன், 2 வந்தது. நண்பரை அவருடைய பையில் -எஃப்சைன்டு-சார் சேர்த்து ஓட்டச் சொன்னேன். 13 வந்துவிட்டது என்று சிரித்தார். ஆர்ம் என்றாலே குறியற்றது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆப்பிளின் ஆர்ம் கணினிகளில் கேரக்டர் குறியுள்ளதுதான்.

இதைச் சொன்னதும் நண்பருக்குப் பழைய கதைகள் நினைவுக்கு வந்தன. சுருள் மேற்கோள் குறிகள் நிறைய உள்ள ஆங்கிலக் கட்டுரைகளில் ஓரெழுத்துச் சொற்கள் ஏகப்பட்டவை என்று நிரல் சொல்லுமாம். அந்த மேற்கோள் குறியின் முதல் பைட் 226. 256-ஐக் கழித்தால் -30. டோட்டல் -32, லென்த்தின் பூஜ்யம் -31, லென்த்தின் ஒன்று -30. ஒவ்வொரு சுருள் குறியும் ஓரெழுத்துச் சொல் கணக்கில் ஒன்றைக் கூட்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் பிழையே இல்லை என்று நாங்கள் நினைத்தது சரியில்லை. அங்கே அது யார் கண்ணிலும் படாத இடத்தில் நடந்துகொண்டிருந்தது.

இன்னொன்று, கோப்பு ஆழமான ஃபோல்டர்களுக்குள் இருந்தால் அறிக்கையின் தலைப்பில் கோப்பின் பெயர் கடைசியில் குப்பையாக வருமாம். இதுவும் அதே கதையாகத்தான் இருக்க வேண்டும். 128 முதல் 191 வரையுள்ள பைட்டுகள் பாத்தின் 128ஆம் பைட்டில் தொடங்கும் பகுதியில் போய் விழுகின்றன. பெயர் 128 பைட்டுக்குள் இருக்கும்வரை காலி இடத்தில்தான் எழுதுகிறது, தெரியாது. தமிழில் ஃபோல்டர் பெயர் வைக்கிறவருக்கு 43 குறியீடுகளிலேயே அந்த எல்லை தாண்டிவிடும்.

நினைத்தால் போதாதே, பிடித்துப் பார்க்க வேண்டும். பாத் முழுவதற்கும் வாட்ச் வைத்தால் 512 பைட். எட்டு எட்டாகப் பிரித்தாலும் 64 ரெஜிஸ்டர் வேண்டும், இருப்பது நான்கு. மெதுவான வகைக்குப் போய்விடும். ஆனால் கணக்கு கையில் இருக்கும்போது முழுவதையும் கண்காணிக்க வேண்டியதில்லை. 128 என்ற பைட் வந்தால் பாத்தின் 128ஆம் இடம் மாற வேண்டும். 'ஈ'கார உயிர்மெய்க்கான குறியின் மூன்றாவது பைட் 128. நீளமான ஃபோல்டர் பெயருக்குள் "நீ" என்று ஒரே ஒரு எழுத்துள்ள கோப்பை வைத்து, காலாக் மட்டுமல்ல, பெயரை நிரப்பும் வரியும் முடிந்த பிறகு:

வாட்ச் -எல் எஸ்->பாத்[128]

ஹார்டுவேர் வாட்ச்பாயின்ட் என்றே வந்தது. கன்டினியூ கொடுத்ததும் அதே 34-இல் நின்றது. சி-யின் மதிப்பு -128. கோப்பின் பெயரில் ஒரு பைட்டின் மதிப்பு ஒன்று கூடியிருந்தது.

இத்தனை நாள் நிரல் ஏன் ஒருமுறைகூட முறிந்து விழவில்லை என்ற கேள்வி மிச்சம். எழுதுகிற இடமெல்லாம் அதே காலாக் துண்டுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் இயங்குதளத்துக்குக் கோபம் வரக் காரணமில்லை. மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் வால்கிரைண்டில் போட்டுப் பார்த்தேன், ஒரு புகாரும் இல்லை. அதே வேலை செய்யும் அட்ரஸ் சானிட்டைசரும் மௌனம். இரண்டுமே ஒதுக்கப்பட்ட துண்டுக்கு வெளியே போனால்தான் கத்தும். ஒரே ஸ்ட்ரக்ட்டுக்குள் ஒரு உறுப்பிலிருந்து பக்கத்து உறுப்புக்குத் தாவினால் அவற்றுக்குத் தெரியாது. மாறாக, -எஃப்சானிட்டைஸ்=பவுண்ட்ஸ்-ஸ்ட்ரிக்ட் கொடுத்தபோது, 33ஆம் வரியில் -32 என்ற இண்டெக்ஸ் 256 இன்ட் பட்டியலின் எல்லையைத் தாண்டுகிறது என்று முதல் பைட்டிலேயே சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால், வெறும் -வால் சேர்த்துக் கம்பைல் செய்தாலே அந்த வரியைக் காட்டி, பட்டியலின் இண்டெக்ஸ் கேரக்டர் வகையில் இருக்கிறது என்று ஜிசிசி எச்சரித்திருக்கும். மேக்ஃபைலில் அது இல்லை. கைமாறி வரும் நிரலைத் தொடும்போது முதல் வேலையாக -வால் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன். அதில் வரும் எச்சரிக்கைகளைப் பார்த்துவிட்டு பிரேக்பாயின்ட் வைத்தால் பாதி வேலை மிச்சம்.

இடைவெளியைச் சோதிக்கும் இஸ்ஸ்பேஸ் ஃபங்ஷனுக்கும் அதே எதிர்மறை எண்தான் போய்க்கொண்டிருந்தது. சி மொழியின் விதிப்படி அதுவும் கூடாது. லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி தன் அட்டவணையை -128 வரை நீட்டி வைத்திருப்பதால் பிழைத்துக்கொண்டது. வேறு இடத்தில் இதுவே முதலில் வெடித்திருக்கும்.

திருத்தம் ஒரே வரி. பைட்டை எடுக்கும் இடத்தில் சி என்ற மாறியை அன்சைன்டு கேரக்டராக அறிவித்தேன். ஃப்ரீக்குக்கும் இஸ்ஸ்பேஸுக்கும் அதே மாறிதான் போகிறது, இரண்டும் சரியாகிவிட்டன. திருத்திய பிறகு டோட்டலுக்கான வாட்ச்பாயின்ட்டை அதே கட்டளைகளோடு மறுபடி ஓட்டினேன். இரண்டே முறை, இரண்டும் 42-இல். ஃப்ரீக்கின் 224ஆம் இடத்தில் 11.

இந்த பிரேக்பாயின்ட்டுகளைத் தூக்கி எறியவில்லை. ஜிடிபியில் சேவ் பிரேக்பாயின்ட்ஸ் என்று ஒரு கோப்புப் பெயரைக் கொடுத்தால், நிபந்தனைகளையும் கட்டியிருக்கும் கட்டளைகளையும் சேர்த்து எழுதி வைத்துவிடும். அடுத்த முறை சோர்ஸ் கட்டளையால் ஏற்றிக்கொள்ளலாம். வரி எண்ணை நம்பி வைத்தவை நிரலில் ஒரு வரி கூடினாலே இடம் மாறிப்போகும், அதனால் 33, 41 இரண்டையும் நீக்கிவிட்டு வாட்ச்பாயின்ட் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டேன். அவற்றையும் எஸ் பாயின்டருக்கு முகவரி வந்த பிறகுதான் ஏற்ற வேண்டும். மேக்ஃபைலில் -வால், டீபக் இலக்கில் -எஃப்சானிட்டைஸ்=பவுண்ட்ஸ்-ஸ்ட்ரிக்ட் இரண்டையும் சேர்த்து நண்பருக்கு அனுப்பிவிட்டேன். லென்த் இன்னும் யூனிகோடு குறியீடுகளைத்தான் எண்ணுகிறது. "மாமா"வுக்கு 4 என்கிறது, தமிழ் படித்தவர் 2 என்பார். அதை எப்படி எண்ண வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும், கேட்டிருக்கிறேன்.